மறதிக்கார மர்க்கேலா

காப்பி நன்றாக இருந்தது. சர்க்கரையும் அளவாக இருந்தது. நான் வந்தது சின்ன விஷயத்துக்குத்தான். உங்கள் காவல் நிலையப் பதிவில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும்.

எங்கள் ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் பழைய கிரேக்கக் காவியம் படிக்கிறோம். பதினோரு பேர். நடத்தியவர் இசிதோரோஸ், சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காவியத்தில் வீரர்களின் பெயரோடு ஓர் அடைமொழி ஒட்டிக்கொண்டே வரும். அந்த வழக்கத்தை அவர் எங்களுக்கும் வைத்தார். லெமோனியா 'வெண்கரத்து லெமோனியா' ஆனாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. மகிழ்ந்து போனாள்.

என் முதல் வகுப்பில், ட்ராய்ப் போருக்குப் போன ஒரே பெயருள்ள இரண்டு வீரர்களைப் பற்றிக் கேட்டார். உயரமானவன் தன் வாள்மேல் விழுந்து செத்தான். குட்டையானவன் கடலில் மூழ்கினான். நான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

"அவ்வளவு உயரமானவனைப் போய் கடல்ல தள்ளிட்டியேம்மா. இடுப்பளவு தண்ணியில நின்னு உன்னைத் திட்டிக்கிட்டு இருப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சரி, இன்னையிலேர்ந்து நீ மறதிக்கார மர்க்கேலா."

நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடங்களில் ஒரு மாத்திரைகூட மாறியதில்லை. ஆனால் எங்கள் சின்னத் தீவில் எந்தப் பேச்சும் நூலகத்துக்குள் அடங்காது. ஈஸ்டருக்குள் இறைச்சிக் கடைக்காரனும் அப்படிக் கூப்பிட்டான்.

"மறதிக்கார மர்க்கேலா, கறிய வாங்கிட்டே. வீட்டுக்கு வழி ஞாபகம் இருக்கா?"

பிறகு என் கடைக்கு வருபவர்கள் அங்கேயே பெட்டியைப் பிரித்து, மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிறகு பக்கத்து ஊர்க் கடைக்குப் போனார்கள். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை.

நான் படித்தேன். நீண்ட உவமைகள், போருக்குப் போன கப்பல்களின் பட்டியல், யார் யாருடைய மகன், யார் யாரைக் கொன்றான், எல்லாம். உயரமானவன் பன்னிரண்டு கப்பல்களோடு வந்தான். குட்டையானவனுக்கு நாற்பது. இரண்டு வருடங்களில் ஒரு தவறும் செய்யவில்லை. அதன் பிறகுதான் இசிதோரோஸிடம் தனியாகக் கேட்டேன்.

"ஐயா, என் அடைமொழிய மாத்திக் குடுங்க. கடைய மூடுற நிலைமைக்கு வந்துடுச்சு."

"அடைமொழி மாறாதும்மா" என்றார் அன்பாக. "காவியத்துல, கரையில இழுத்துப் போட்ட கப்பலையும் வேகமான கப்பல்னுதான் சொல்றாங்க. அதுல இருக்கிற அழகே அதான்."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

மே மாத முதல் ஞாயிறு, கடலோரப் பாறையில் காவியம் ஒப்பித்தல் நடக்கும். நீங்களும் ஒருமுறை வந்திருக்கிறீர்கள். இசிதோரோஸுக்கு இதயக் கோளாறு. வெளியே போகும்போது அவருடைய நெஞ்சுவலி மாத்திரை என் பையில்தான் இருக்கும். ஊரில் என் ஞாபகத்தை முழுதாக நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

இந்த வருடம் கப்பல் பட்டியலின் நடுவில் அவர் குரல் நின்றது. பாறையில் உட்கார்ந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"மர்க்கேலா, மாத்திரை."

அடைமொழி இல்லாமல் கூப்பிட்டார். இரண்டு வருடங்களில் அதுதான் முதல் தடவை. அதைக் கவனித்தேன்.

"மறந்துட்டேன்" என்றேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. அவர் மட்டும் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடங்கள் ஆயின. அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. லெமோனியா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதடி. உன் சுபாவம் அது. உன்மேல யாருக்கும் கோபமில்ல."

நான் அழவில்லை.

உங்கள் பதிவில் 'மருந்துக் கடைக்காரரின் மறதியால்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போடும்போதே படித்தேன். அது தவறு. மாத்திரை பையின் உள் ஜிப்பில், நீலப் பெட்டியில் இருந்தது. காலாவதித் தேதியைப் பார்த்து, காலையில் நானே வைத்தேன். அவர் கேட்டபோது என் விரல் அந்தப் பெட்டியின் மேல்தான் இருந்தது. நான் எதையும் மறக்கவில்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு நகல் வேண்டும். கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் பழையபடி வருவார்கள்.