தடுப்பு வளையம்

எனக்குக் காது கொஞ்சம் பெரிது. வீட்டில் கேலி செய்தவர்கள் உண்டு. நானோ அதை வைத்தே எலும்பு சர்ஜனாகப் பிழைத்தேன். எலும்பில் டிரில் இறங்கும் சத்தத்தைக் கேட்டே ஆழத்தைச் சொல்லிவிடுவேன். எலும்பின் அடுத்த பக்கத்தைத் தொட்டுத் தாண்டும்போது சத்தம் மாறும். அங்கே கையை நிறுத்தாவிட்டால் உள்தொடையில் ரத்தக்குழாய் காத்திருக்கிறது.

அதனால் டிரில் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி தடுப்பு வளையம் மாட்ட வேண்டும் என்று ஆபரேஷன் தியேட்டர் சுவரில் ஒட்டியிருக்கிறது. விசாரணைக்கு வந்த நீங்கள் மூவரும் படித்திருப்பீர்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். எழுதியவனுக்கு எதற்கு வளையம் என்பது என் எண்ணம்.

அந்த அம்மா தையல்காரர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒட்டித் தொடையெலும்பை முறித்துக்கொண்டு வந்தார். "மிஷின் மிதிக்கிற கால், டாக்டர். பாத்துப் பண்ணுங்க" என்றார். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தோம். பத்து மணி வாக்கில், கடைசித் திருகுக்குத் துளை போடும் நேரம் நர்ஸ் வளையத்தை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, என் மச்சினனைப் பற்றி ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே துளைத்தேன். கதை அருமை. நானே சிரித்தேன். டிரில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

மச்சினன் என் மனைவியின் தம்பி. இதே ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் சர்ஜன். குடும்பமே சாப்பிட உட்காரும்போது என்னைத் 'தச்சர் அத்தான்' என்பான், எல்லோரும் சிரிப்பார்கள்.

துளையில் ரத்தம் கொப்பளித்தது. அழுத்திப் பிடித்தேன், குறைந்தது. திருகைப் போட்டுத் தைத்து மூடிவிட்டேன். பதினொன்றரைக்கு வார்டு நர்ஸ் போன் செய்து தொடை வீங்குகிறது என்றார். ஆபரேஷன் செய்த கால் வீங்காமல் என்ன செய்யும் என்று கேட்டேன். பன்னிரண்டரைக்குப் பிரஷர் இறங்குகிறது என்றார். ரத்தம் ஏற்றச் சொன்னேன். ஒன்றரைக்கு அவரே என் அறைக்கு வந்து நின்றார்.

"சார், உங்க மச்சினர் மேல்மாடியிலதான் இருக்கார். கூப்பிடட்டுமா?"

"அவன் சாப்பிடற நேரம். விடுங்க."

மச்சினன் வயிற்றின் மேல் எனக்கு அன்றைக்குத்தான் அப்படி ஓர் அக்கறை வந்தது. வெளியே அந்த அம்மாவின் மகள் விசாரித்தாள். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கடைசியில் மூன்று மணிக்கு, என்னைக் கேட்காமல் நர்ஸே அவனைக் கூப்பிட்டார். ஓடி வந்தான். தைத்ததைப் பிரித்துக் குழாயைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த அம்மாவின் இதயம் நின்றுவிட்டது.

வளையம் போடாதது கவனக்குறைவு, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குழாய் கிழிந்தது அந்த நொடியே எனக்குத் தெரியும். அவனைக் கூப்பிட்டால் பிழைப்பார் என்பதும் தெரியும். தெரிந்தேதான் ஐந்து மணி நேரம் சாகவிட்டேன்.

அவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றான். "பதினோரு மணிக்குச் சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாங்க, அத்தான்" என்றான். கண் கலங்கியிருந்தது. இதை அவன் ஒருநாளும் வீட்டில் சொல்லிச் சிரிக்கமாட்டான் என்று புரிந்ததும், எனக்கு அப்பாடா என்றிருந்தது.