தரை சீக்கிரமா வருது

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெட்டியைத் திறந்து தூசி துடைப்பதே இல்லை. படம் திக்கித் திக்கி வருகிறது, புது கிராபிக்ஸ் கார்டு போட வேண்டுமா என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் முதலில் ஒரு பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து ஃபேனைத் துடைப்பேன். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். நீங்கள் முதலில் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர்.

என் தம்பி விஷயமாக இதை எழுதுகிறேன். விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து பரிசோதனைக்கு உங்களிடம் அனுப்பினார்களே, அவன். வீட்டில் சின்னவன் என்போம். அவனோடு வந்து உங்கள் அறையின் மூலை நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அண்ணன் நான்தான். அவனுக்கு இந்த மந்தம் எப்படி வந்திருக்கும் என்று அன்று கேட்டீர்கள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நேரில் சொல்ல முகம் இல்லாததால் எழுதுகிறேன்.

என் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. சிமுலேட்டர் ஓடும்போது ஒரு விநாடிக்குத் திரையில் எத்தனை படம் மாறுகிறது என்று நான் அளப்பேன். சராசரியை மட்டும் நம்ப மாட்டேன். சராசரி அறுபது என்று பெருமையாகக் காட்டும். ஓடுபாதை கிட்டே வந்ததும் பன்னிரண்டுக்கு விழுந்து மானத்தை வாங்கிவிடும். ஆகவே மோசமான தருணத்தைத் தேடி அளப்பேன். பிறகு மேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன், மர நிழலை நீக்குவேன், தூரத்துக் கட்டடங்களைக் கழிப்பேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு அளவு. எல்லாம் நோட்டில் ஏறும்.

எங்கள் வீட்டில் இருக்கும் சிமுலேட்டருக்கு ஒரு குணம் உண்டு. விநாடிக்கு இருபது படம்கூட வரைய முடியாத அளவுக்குச் சுமை ஏறினால், கணக்குப் பிசகி விமானம் துள்ளாமல் இருப்பதற்காக, அது காலத்தையே பிடித்து இழுத்து மெதுவாக்கிவிடும். படம் திக்காது. விமானம் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் உள்ளே இருக்கும் கடிகாரத்தில் ஒரு விநாடி ஓடுவதற்குள் நம் கைக்கடிகாரத்தில் ஒரு விநாடிக்கு மேல் ஓடியிருக்கும். ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. படத்தை மட்டும் எண்ணுகிற ஆளுக்கும் தெரியாது. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

சின்னவன் பள்ளியில் சேர்ந்ததும் வீட்டு சிமுலேட்டரை அவனுக்காக நான்தான் சீராக்கிக் கொடுத்தேன். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுவான். பள்ளியில் நிஜ விமானம் வாரத்துக்கு மூன்று நாள்தான் கிடைக்கும், அதுவும் முக்கால் மணி நேரம். மீதியெல்லாம் என் பெட்டிதான். இன்ஜின் நின்றால் பத்து விநாடிக்குள் செய்ய வேண்டிய வேலைகள் என்று ஒரு பாடம் இருந்தது. திரையில் தெரியும் கடிகாரத்தைப் பார்த்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே பழகுவான். சமையலறையில் இருக்கும் அம்மாவுக்கே அந்தப் பத்து மனப்பாடம்.

ஒருநாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவன் நிஜ விமானத்தில் ஆறு மணி நேரம் முடித்திருந்த சமயம். குறுக்குக் காற்றில் எப்படித் தரையிறக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சிமுலேட்டரில் எனக்கு இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் பழக்கம்.

"அண்ணே, நீ சொல்றது திரையில சரி. மேல போனா உடம்புக்கே தெரியும், சொல்லிப் புரிய வைக்க முடியாது" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. பொறுமையாகச் சொன்னான்.

என் மனைவி விடவில்லை. "இவரு ப்ளேன் விழுந்தாலும் கையில இருக்கற காபி சிந்தாது" என்றாள்.

அம்மா சிரித்தாள். சின்னவன் சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறிக்கொண்டான். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் காற்றைப் பற்றி என் மனைவிக்கு வந்த சந்தேகத்தை அவள் அவனிடம் கேட்டாள். நடந்தது இவ்வளவுதான், டாக்டர். நான் செய்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் எழுதிவிடலாமே என்று நிறையத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இவ்வளவு அற்பமான காரணத்தை எழுதக் கை கூசுகிறது.

முதல் தடவை தெரியாமல் நடந்த தவறுதான், அதை நம்புங்கள். மேகத்துக்குள் இறங்கிப் பழக வேண்டும் என்று அவன் கேட்டான். மேகத்தைக் கூட்டிவிட்டுப் படங்களை எண்ணினேன். பத்தொன்பது, இருபது. திக்கல் இல்லை. சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் நோட்டை எழுதும்போது காலத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், உள்ளே ஒரு விநாடிக்கு வெளியே ஒன்று புள்ளி பூஜ்யம் நான்கு. நிழலை நீக்கினால் போதும், இரண்டு நிமிட வேலை. கையை மவுஸில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "அண்ணே, என்ன பண்ணுன? நேத்து பஞ்சு மாதிரி எறங்குச்சு" என்றான். முகமெல்லாம் பல்.

கையை எடுத்துவிட்டேன். அவனுக்குச் சந்தோஷமாக இருக்கிறதே, அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நிழலை நீக்குவதற்குப் பதில் கூட்டினேன். அதற்கடுத்த வாரம் மரங்கள். பிறகு கடல் அலை, தூரத்து மலை. ஒரே நாளில் ஏற்றியிருந்தால் விமானம் மந்தமாகப் போகிறது என்று கண்டுபிடித்திருப்பான். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ சதவீதம் ஏற்றினால் மனுஷ உடம்பு பழகிக்கொள்ளும். பதினோரு வாரத்தில் ஒன்று புள்ளி இரண்டுக்கு வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும், "இவ்ளோ அழகா பண்றியேண்ணே, இதையெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்பான். அந்த அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. அதையும் கழற்றினேன்.

"அத எதுக்குங்க கழட்டறீங்க?" என்றாள் மனைவி.

"பேட்டரி போயிடுச்சு."

அவள் புது பேட்டரி போட்டுச் சமையலறையில் மாட்டிக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான்காவது வாரமே பள்ளியிலிருந்து முகம் தொங்கிப்போய் வந்தான். விமானத்தைத் தரையில் பலமாகத் தட்டி இறக்கிவிட்டானாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றான்.

"தரை சீக்கிரமா வருதுண்ணே" என்றான். "நான் ப்ளேன் மூக்கத் தூக்கறதுக்குள்ள வந்துடுது."

அவன் சொன்னது துல்லியமான அளவு. வீட்டில் அவனுக்குத் தரை மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். "பழக்கம் பத்தல, இன்னும் ஒரு மணி நேரம் சேத்து ஓட்டு" என்றேன். மறுநாளிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டினான். சொன்ன சொல் தட்டாதவன்.

இரண்டாவது முறை தட்டியபோது பயிற்சியாளர் "கை தாமதம்" என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது முறை முன்சக்கரம் வளைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் கழுத்துப் பிசகி ஒரு மாதம் பட்டை போட்டுக்கொண்டு நடந்தார். நல்ல மனிதர், அவர் பெயருக்கும் ஒரு மன்னிப்பு நான் எழுத வேண்டும். சின்னவனை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னது அவர்தான். பையன் கெட்டிக்காரன், உடம்பில் ஏதோ இருக்கிறது, பார்த்துவிடலாம் என்றாராம்.

அந்த வாரம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஆறு மாசக் குழந்தையா இருக்கும்போது என் கையில இருந்து நழுவி விழுந்துட்டான்டா. உங்கப்பாகிட்டகூட நான் சொல்லல. அதனாலதான் இப்படி ஆயிடுச்சோ?" என்றாள். இருபத்து மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அரை விநாடி போதும். "அத விடும்மா, பழைய கதை" என்றேன். அன்றிலிருந்து அவள் அவன் தட்டில் சோறு போடும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

பிறகு உங்கள் அறை. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னீர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. "கண்ண மூடிக்கோங்க, பத்து செகண்டு ஆச்சுன்னு தோணும்போது கைய தூக்குங்க" என்றீர்கள். ஐந்து முறை செய்ய வைத்தீர்கள். பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டேகால். உங்கள் புருவம் ஏறியது. அவன் கண்ணைத் திறந்து உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பன்னிரண்டில்தான் தூக்குவான் என்று எனக்கு முன்பே தெரியும். அந்தக் கணத்தில் எனக்குள் முதலில் எழுந்தது பயமில்லை, பாவமும் இல்லை. என் அளவு சரியாக இருக்கிறதே என்ற பெருமை. இந்தக் கடிதத்தில் எழுத மிகவும் கூசிய வாக்கியம் அதுதான். மற்றதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில்தான் இந்த இடத்தில் அதைச் சேர்த்தேன்.

அதற்கு முன்னால் வெளியே ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டார் நிரப்ப வேண்டியது. "இந்த மந்தம் எப்போதிலிருந்து?" என்று ஒரு கேள்வி. "சிறு வயது முதலே" என்று எழுதினேன். கையெழுத்து என்னுடையது. உங்கள் அறிக்கையில் அந்த வரியை எடுத்துப் போட்டு, பிறவியிலேயே இருக்கலாம், விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று முடித்திருந்தீர்கள். உங்கள்மேல் குறையே இல்லை. கொடுத்த அளவுகளை வைத்துத்தானே யாரும் முடிவுக்கு வர முடியும்.

அறிக்கை வந்த பிறகு அவன் சிமுலேட்டர் பக்கமே போகவில்லை. நான் அதைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன். சின்னவன் சும்மா உட்காரும் ஆள் இல்லை. ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கி வந்து, கண்ணை மூடிப் பத்து எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வாரம் பன்னிரண்டு. இரண்டாவது வாரம் பதினொன்று. இருபத்து நான்காம் நாள், நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது ஓடி வந்தான்.

"அண்ணே, பத்து. அஞ்சு வாட்டியும் பத்து. நீயே வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். பத்து.

"டாக்டர்கிட்ட இன்னைக்கே போயிடலாமாண்ணே? இன்னொரு தடவ பாக்கச் சொல்லிக் கேக்கலாம்."

ஒருநாள் அளவை வைத்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது. இது என் தொழிலில் பாலபாடம். "அவசரப்படாத. ஒரு வாரம் போகட்டும், நெலையா நிக்குதான்னு பாத்துட்டுப் போலாம். இப்பப் போயி அங்க தப்பாயிடுச்சுன்னா அப்புறம் வாழ்க்கைக்கும் கதவு சாத்திடும்" என்றேன். தலையாட்டினான். ஒரு வாரமும் தினம் மூன்று வேளை அளந்து, ஒரு தாளில் அழகாகக் கட்டம் போட்டு எழுதி வைத்தான். எல்லாக் கட்டத்திலும் பத்து.

மறுபரிசோதனை கேட்டு விண்ணப்பிக்கப் பள்ளி முப்பது நாள் அவகாசம் தரும். விதிகள் அடங்கிய கடிதம் அறிக்கையோடு சேர்ந்தே வந்தது. வீட்டுக்கு வரும் தபாலைப் பிரிப்பது நான். அவனிடம் அறிக்கையை மட்டும் கொடுத்திருந்தேன். மனசு உடைந்திருக்கிற நேரத்தில் விதிமுறையெல்லாம் எதற்கு என்று.

இன்று முப்பத்தோராம் நாள். காலையில் பள்ளியிலிருந்து ஆள் வந்து ஒரு கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்: பெயர் நீக்கப்பட்டது, இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. அவன் இரண்டு முறை படித்தான். கட்டம் போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் தோளில் கை போட்டான்.

"பரவால்லண்ணே. எனக்காக நீ எவ்ளோ பண்ணியிருக்க."

டாக்டர், என் பதினோரு வார நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அவனிடம் எந்தக் குறையும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி; ஒரு அளவுகூடப் பொய் இல்லை. அவனிடம் மட்டும் இதைச் சொல்லிவிட வேண்டாம். அவனுக்கு இப்போது நான்தான் துணை. முன்பே எழுதியிருக்க வேண்டியது, உண்மைதான். தைரியம் இன்றைக்குத்தான் வந்தது.