இருபத்தேழாம் எண் கோப்பை

எனக்கு பியர் அவ்வளவாகப் பிடிக்காது. தாகமெடுத்தால் மோர்தான் குடிப்பேன். பியர் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா என்று பலர் சிரித்திருக்கிறார்கள். பிடித்தவர்கள் குடித்துவிடுகிறார்கள், கீத். பிடிக்காதவர்கள்தான் ருசி பார்க்கிறார்கள்.

போட்டிக் கமிட்டியின் தலைவர் என்ற முறையில் நீங்கள் போனில் கேட்டது ஒரே ஒரு பக்கம். "அக்கா, பெரிய விஷயம் ஒன்னும் இல்ல லா. இருபத்தேழாம் நம்பர் உங்க ஹஸ்பண்டோடதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு நம்புற மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க. இல்லாட்டி மெடலைக் கேன்சல் பண்ணியே ஆகணும்னு கமிட்டியில ஒத்தக்கால்ல நிக்கிறாங்க" என்றீர்கள். 'நம்புற மாதிரி' என்ற அந்த வார்த்தையால்தான் ஒரு பக்கம் நாலு பக்கமாகிறது. உண்மை இருக்கிறது. அது நம்புகிற மாதிரி இல்லை.

தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூரோங்கில் உணவுக்கு வாசனை சேர்க்கும் பொருள்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக என் வேலை ருசி பார்ப்பது. பிஸ்கட்டுக்குள் போகிற வெண்ணெய் வாசனை, இருமல் மருந்துக்குள் போகிற செர்ரிப்பழ வாசனை எல்லாம் என் நாக்கைக் கடந்துதான் கடைக்குப் போகின்றன. என் கணவர் அற்புதராஜ் ஷிப்யார்டில் பைப்பிங் சூப்பர்வைசர். ஐந்து வருடமாக வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறார். அதுவும் ஒரே வகைதான், செஷன் ஏல். பொன் நிறம், போதை குறைவு, கசப்பு நாக்கில் தங்காது. நண்பர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே மூன்று நான்கு குடித்துவிட்டு நேராக நடந்து எம்ஆர்டி ரயில் ஏறலாம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இதைவிடக் கஷ்டமான பியர் கிடையாது. கறுத்த பியரில் ஒரு குறையை ஒளித்துவிடலாம். இதில் ஒளிக்க இடமே இல்லை. வெள்ளை வேட்டியில் குழம்பு மாதிரி தெரிந்துவிடும்.

அவர் வருடா வருடம் உங்கள் போட்டிக்கு அனுப்புவார். வீட்டு ஆள் கலந்துகொள்ளும் பிரிவுக்கு நடுவராக இருக்கக்கூடாது என்பது விதி. அதனால் நான்கு வருடம் செஷன் ஏல் மேசைப் பக்கமே நான் வரவில்லை. நான்கு வருடமும் அவர் கடைசியில் வந்தார். இந்த வருடம் அவர் எதுவும் அனுப்பவில்லை என்றார். சனிக்கிழமைகளில் அவருடைய நண்பர் இளமாறன் வீட்டுக்கு மீன்தொட்டி அமைக்கப் போவதாகச் சொன்னார். மூன்று மாதமாக ஒரு மீன்தொட்டி. அங்கே பியர் காய்ச்சுகிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் இளமாறன் பெயர் மேலேயும், 'உதவி' என்ற கட்டத்தில் இவர் பெயரும் இருந்ததாம். நடுவர்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. அதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை.

அன்றைய தினம் நீங்களும் அங்கே இருந்தீர்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அந்தக் கடைவீட்டின் மாடி. நான் காலையிலிருந்து காபி குடிக்கவில்லை, லிப்ஸ்டிக் போடவில்லை, தேக்கா பூக்கடைகள் வழியாக நடந்து வந்தும் பூ வாங்கவில்லை. மேசையில் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், எண் ஒட்டிய கோப்பைகள். எல்லோரும் மதிப்பெண் எழுதி முடிக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. இதை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுரேந்தருக்கு நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

இருபத்தேழாம் எண் வந்தபோது அவர் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"அக்கா, நீங்க சிரிக்கிறீங்க."

"எழுதுங்க, சுரேந்தர்."

"இல்லக்கா, மூணு வருஷமா உங்க பக்கத்துல உக்கார்றேன். உங்களுக்குப் பல்லு இருக்கிறதே இன்னைக்குத்தான் தெரியுது லா."

நான் சிரித்தது உண்மை. கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தபோதே இது நல்ல பியர் என்று தெரிந்துவிட்டது. மேலே நுரை அடக்கமாக நின்றது. மூக்கருகில் கொண்டுபோனால் புதிய ரொட்டி, கொஞ்சம் தேன், எங்கோ ஓர் ஆரஞ்சுத் தோல். ஒரு மிடறு. எதுவும் முந்திக்கொண்டு வரவில்லை, எதுவும் பின்தங்கவும் இல்லை. விழுங்கியதும் வாய் சுத்தமாக இருந்தது. ஆனால் இன்னொரு மிடறு வேண்டும் என்றது. நடுவர்கள் கோப்பையைக் காலி செய்வதில்லை. நான் காலி செய்தேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ருசித்ததும், செய்தவர் எப்படிப்பட்டவர் என்று யோசிப்பேன். இருபத்தேழாம் எண்காரர் அவசரப்படாதவர், கை சுத்தமானவர், பெருமை அடித்துக்கொள்ளத் தெரியாதவர் என்று நினைத்தேன். வீட்டில் இவரை நிம்மதியாக இருக்கவிட்டிருக்கிறார்கள் என்றும் தோன்றியது. இந்த மனுஷனின் மனைவி கொடுத்துவைத்தவள் என்று கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன். பிறகு ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டேன். நான் யாருக்கும் நாற்பதைத் தாண்டியதில்லை. குறிப்பில், 'இவருக்கு இனி யாருடைய ஆலோசனையும் தேவையில்லை' என்று எழுதினேன்.

அந்தத் தாளை நீங்கள் வழக்கம்போல் போட்டியாளருக்கு, அதாவது இளமாறனுக்கு, அனுப்பிவைத்தீர்கள்; அவர் அதை என் கணவரிடம் கொடுத்தார். என் கையெழுத்து இவருக்குத் தெரியாதா? மளிகைச் சீட்டில் இருபத்தாறு வருடமாகப் பார்த்த கையெழுத்து. தாளைப் படமெடுத்து, 'என் மனைவி எனக்குப் போட்ட மதிப்பெண்' என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார். அதில் வஞ்சகம் இருந்தால் போடுவாரா என்று நீங்கள் கமிட்டியில் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நன்றி. ஆனால் எதிர்க்கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு வருடமாகக் கடைசியில் வந்த மனிதர், பெண்டாட்டி நாற்காலியில் உட்கார்ந்த வருடம் முதலிடம். அவளோ தொழிலால் நாக்குக்காரி. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் எந்தச் சோப்பில் குளிக்கிறார் என்று சொல்லக்கூடியவள். புருஷன் காய்ச்சின பியரை அவளுக்கா தெரியாது?

தெரியாது, கீத். அவருடைய பியரை நான் அதற்கு முன் குடித்ததே இல்லை. நான் கைவைத்த பிறகு எஞ்சியதைத்தான் குடித்திருக்கிறேன்.

முதல் முறை தவறுதலாக நடந்தது. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வைக்க இடம் வேண்டியிருந்தது. அவருடைய பாட்டில்களைச் சமையலறை ஜன்னலோரம் நகர்த்தினேன். நிறமில்லாத கண்ணாடி பாட்டில், நண்பகல் வெயில். ஹாப்ஸ் பூவின் கசப்பு சேர்ந்த பியர் வெயில் பட்டால் மரநாய் மாதிரி நாறும். அரை மணி நேரம் போதும். சாயங்காலம் அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிலோ, இங்க வாயேன். இது என்ன வாடைன்னு பாரு."

"வெளிச்சம் பட்டிருக்குங்க."

"எப்படிம்மா சொல்ற? வேற என்ன தெரியுது? உக்காரு, உக்காந்து சொல்லு."

நான் உட்கார்ந்தேன். அவர் ஒரு நோட்டு எடுத்து வந்தார். இரண்டு மணி நேரம் நான் சொல்லச் சொல்ல எழுதினார். எங்களுக்குத் திருமணமாகி அப்போது இருபத்தொரு வருடம். அதுவரை அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். சாவி எங்கே, சம்பளம் ஏறியதா, அம்மாவுக்குப் போன் பண்ணினாயா. நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. ஷிப்யார்டு இரைச்சலில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் சத்தமில்லாமல் இருந்தால் போதும். அன்று அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கில் ஒன்று பட்டால் உள்ளே என்னென்ன நடக்கிறது என்று என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. பத்தொன்பது வருடமாகச் சம்பளம் கொடுக்கிறவர்கள்கூடக் கேட்டதில்லை. அவர்களுக்கு எண் மட்டும் போதும்.

அடுத்த பியர் நன்றாக வந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்ததுமே தெரிந்தது. நன்றாக வந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன். நண்பர்களைக் கூப்பிட்டுக் குடிப்பார். நான் கடலை வறுத்துக் கொடுப்பேன்.

கால் ஸ்பூன் தயிர் போதுமானதாக இருந்தது.

நான் யாருக்கும் வயிற்றுவலி வரவழைக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். ஒரே குறையை இரண்டு முறை கொடுத்ததும் இல்லை. அவருக்குச் சலிப்புத் தட்டிவிடும். அவர் வேலைக்குப் போனதும் பியர் புளிக்கிற அறையின் ஏர்கானை அணைத்துவைத்தேன். சூட்டில் புளித்து நெயில் பாலிஷ் வாடை வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்த விரலால் பாட்டில் வாய்களைத் துடைத்தேன்; நுரை நிற்கவில்லை. ஒரு முறை எதையும் தொடவே இல்லை. "இப்பவே பாட்டில்ல அடைச்சிடலாம்ங்க, பதமாத்தான் இருக்கு" என்று இரண்டு நாள் முன்பாகச் சொன்னேன், அவ்வளவுதான். கெட்டுப்போன வெண்ணெய் வாசனையோடு வந்தது. மொத்தம் பதினொரு முறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயங்காலம், சில சமயம் இரண்டு.

அவர் வீட்டைச் சந்தேகப்பட்டார். தண்ணீர் வடிகட்டி வாங்கினார். பழைய சட்டிகளைத் தூக்கிப்போட்டார். கடைசியில் ஓபிர் ரோடு மாதா கோயிலிலிருந்து ஃபாதரைக் கூட்டிவந்து சமையலறையை மந்திரிக்கச் சொன்னார். ஃபாதர் பியர்ப் பீப்பாயின்மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு, "நான் மாதாகிட்ட சொல்லிட்டேன், அற்புதம். நல்லா வந்தா எனக்கும் ரெண்டு பாட்டில்" என்றார். நான் பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த முறை பீப்பாயைக் குலுக்கிக் காற்றடைய விட்டேன். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வந்தது. ஃபாதர் இரண்டு பாட்டிலையும் குடித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று பொய் சொன்னார்.

இதற்கு ஆதாரம் உங்களிடமே இருக்கிறது. நான்கு வருடத்துத் தாள்களை எடுத்துப் பாருங்கள். முதல் வருடம் தயிர்ப் புளிப்பு. இரண்டாவது, நெயில் பாலிஷ். மூன்றாவது, வெண்ணெய். நான்காவது, அட்டைப்பெட்டி. அந்தத் தாள்கள் அவர் பெயருக்கு ஒட்டிய உறையில் வந்தன. அவரே திறந்து, ஒரு வரி படித்ததும் மடித்து ஷிப்யார்டுக்குக் கொண்டுபோய்விடுவார். எனக்குக் காட்டியதே இல்லை, வெட்கம். நான் அவற்றைப் பார்க்காமலே சொல்கிறேன். அவருடைய உண்மையான கையை நான் அதுவரை ருசித்ததே இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏன் இந்த முறை ஒளித்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். "உன் முகத்தைப் பாத்துக்கிட்டே குடுத்தா நீ எனக்காகப் பொய் சொல்லிடுவியோன்னு இருந்துச்சு. ஒரு தடவையாவது நெஜத்தைக் கேக்கணும்னு ஆசை, பிலோ" என்றார். நெஜத்தைக் கேட்டுவிட்டார். தாளைப் பார்த்த அன்று மாலை என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இளமாறனோடு போனில் சிரித்துக்கொண்டே இருந்தார். கேட்க என்ன இருக்கிறது, யாருடைய ஆலோசனையும் தேவையில்லை என்று நானே எழுதிக் கொடுத்தேனே.

புகார் வந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. நேற்று சாப்பிடும்போது சொன்னார்: "மெடல் போனா போகட்டும். ஆனா ஏமாத்துக்காரன்னு பேரெடுத்த பிறகு இனிமே நான் அடுப்புல ஏத்த மாட்டேன். சட்டி, பீப்பாயெல்லாம் இளமாறன் எடுத்துக்கட்டும்." சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள். நடுவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், வருத்தமில்லை. மெடல் மட்டும் ஞாயிற்றுக்கிழமை அவர் கழுத்தில் விழ வேண்டும். அது அவருடையது. என் வாழ்நாளில் நான் போட்ட மதிப்பெண்களிலேயே சுத்தமானது அந்த நாற்பத்தாறுதான். கமிட்டிக்கு வேண்டிய அளவு சொல்லிக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் இதைக் காட்ட வேண்டாம். என் கௌரவத்துக்காகக் கேட்கவில்லை. மனைவியை நம்ப முடியாமல் போனால் ஒரு மனிதன் தனியாகிவிடுவான். அவர் தனியாக இருப்பதை என்னால் பார்க்க முடியாது.

ஜெயித்த பிறகுதான் பொறுப்பு அதிகம், கீத். எல்லோரும் அவருடைய அடுத்த பியரை எதிர்பார்ப்பார்கள். அது கொஞ்சம் பிசகிவிட்டால் நொறுங்கிப்போவார். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதனால் அடுத்ததை எங்கள் வீட்டிலேயே காய்ச்சும்படி சொல்லியிருக்கிறேன்.