கம்பத்துக் காற்றுப்பை

— அதோ அண்ணே, மலை உச்சியில கருப்பா உக்காந்திருக்குதே, அது மேகம்தானே?

— மேகம்தான் பாப்பா. நம்ம செஞ்சி ராஜகிரி தலைய உடாம புடிச்சிக்கினு இருக்குது. நீ ஏன் இங்க வந்து நிக்கிற? வாயும் வயிறுமா இருக்கிறவ ப்ளேன் எறங்கற இந்த சரளைக்காட்டுல நிக்கலாமா? நைனா பார்த்தா என்னைத்தான் திட்டும்.

— கடையில உக்காந்தா மனசு ஓடல. அவருக்கு இன்னும் சேதி சொல்லல அண்ணே. எறங்கினதும் நானே சொல்லணும்னு வந்தேன்.

— ஊருக்கே தெரியுது, புருசனுக்குத் தெரியாதா?

— அண்ணிகிட்ட சொன்னேன். அதான் ஊருக்குத் தெரியுது.

— அதுவும் சரிதான். மளிகைக் கடை வூட்ல பொறந்துட்டு, ஏரோப்ளேன் ஓட்டறவரைக் கட்டிக்கினா இப்படித்தான் வானத்தைப் பார்த்துக்கினு நிக்கணும்.

— எப்ப வருவாரு?

— வர நேரம்தான். மலையனூர் பக்கம் கடலைக் கொல்லைங்களுக்கு மருந்து அடிக்கிறாரு. கம்பளிப்புழு இந்த வருசம் ஒரு எலைய உடல. மத்தியானம் கெளம்பறப்ப மாப்ள ஒரு டின்னு மருந்து கூடவே ஏத்திக்கினாரு.

— பார்த்தேன். எடை கூடுமே, தூக்குமான்னு கேட்டேன்.

— இன்னா சொன்னாரு?

— சிரிச்சாரு. வேற எதையாவது கொறச்சிக்கினா போச்சுன்னாரு.

— அவருக்கு இன்னா பயம். சைனாக்காரன் சண்டையில, வடக்க பனிமலைக்கு நடுவுல இதே மாதிரி சரளைத் தரையில எறங்கினவரு.

— இங்க காத்து இன்னா இப்படி அடிக்குது? முந்தானை நிக்கமாட்டேங்குது.

— மலைக்காத்து. ரெண்டு மலைக்கு நடுவுல பூந்து வருது. மனுசனுக்கு சொகம், ப்ளேனுக்கு ஆகாது. காத்துக்கு எதிர்ல எறங்கினா வண்டி சட்டுனு நிக்கும். காத்து முதுகுல தள்ளுச்சுன்னா சரளையில சறுக்கிக்கினே போவும். அந்தக் கோடியில பாரு, பாழுங்கெணறு.

— பயமுறுத்தாத அண்ணே.

— உள்ளதைச் சொன்னேன். அதுக்குத்தானே கம்பத்துல அந்தத் துணிப் பை, காத்துல பறக்கறதுக்கு. மேல இருக்கிறவருக்கு ரேடியோ கீடியோ கெடையாது. காலைத் தூறல்ல மண்ணு வேற அமுங்கிப் போச்சு, புழுதிகூட எழும்பாது. பை பறக்கறதைப் பார்த்துத்தான் காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சிக்குவாரு. தொங்கினா காத்தே இல்ல, எந்தப் பக்கமும் எறங்கலாம். பையே இல்லன்னா எறங்கவே கூடாது. போன மாசம் கன்னியப்பன் எருமைங்க பூந்து நடுவுல படுத்துக்கிச்சே...

— அன்னிக்குத்தானே அவரு மீனம்பாக்கம் போயி தங்கிட்டாரு.

— அதேதான். நான் பையை எறக்கினேன், பார்த்துட்டு பட்டணத்துக்கே திரும்பிட்டாரு. நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு எனக்கு காபிகூட குடுக்கல.

— அந்தப் பைமேல அவருக்கு அவ்ளோ நம்பிக்கையா?

— உன் பேச்சைக்கூட நம்பமாட்டாரு, அதை நம்புவாரு.

— தெரியும். அதனாலதான் நானும்... அண்ணே, சத்தம் கேக்குது.

— தோ, மலைக்கு அந்தாண்ட. புள்ளி மாதிரி தெரியுது பாரு. இப்ப சுத்திக்கினு கெணத்துப் பக்கம் போயி, அங்கேருந்து எறங்குவாரு.

— சுத்தலையே. நேரா வராரே.

— மலைப் பக்கத்துலேருந்தா? காத்து முதுகுல இல்ல இருக்குது.

— பையைப் பார்க்கலையோ?

— பார்க்காம இருக்கமாட்டாரு. இரு... மனோரமா, பை ஏன் தொங்குது? இந்தக் காத்துக்கு அது பிச்சிக்கினு பறக்கணும்.

— அண்ணே.

— இன்னா? சொல்லு.

— நேத்து ஆடி அமாவாசைக்கு மலையனூர் போனேன் இல்ல. அங்காளம்மன்கிட்ட வெச்சி எடுத்த தேங்காய மஞ்சத்துணியில முடிஞ்சி வந்தேன். அவரு எதை நம்பி எறங்கறாரோ அதுலயே கட்டணும்னு தோணுச்சு. நீ சோறு துன்னப் போனப்ப பையை எறக்கி, வாலுல கட்டி ஏத்திட்டேன்.

— முழுத் தேங்காயா?

— முழுத் தேங்கா.

— ஐயோ பாப்பா. தள்ளு, கயித்தை உடு.

— முடிச்சை அவுத்துட்டு ஏத்திடுவியா?

— அவுக்க எங்க நேரம். பை கீழ வந்தாப் போதும், எறங்கமாட்டாரு.

— அண்ணே, இரு, ஒண்ணு சொல்லணும்...

— அப்புறம் அழுவலாம், கயித்தைப் புடி. இழு. இன்னும். வந்துடுச்சு. பார்த்துட்டாரா பாரு.

— தலைக்கு மேல வராரு.

— தூக்கறாரு. தூக்கிட்டாரு. கெணத்தைத் தாண்டிட்டாரு பாப்பா, பொழைச்சோம்.

— எங்க போறாரு?

— பட்டணத்துக்குத்தான். இன்னிக்கும் மீனம்பாக்கத்துல தூங்கட்டும். நாளைக்கு வந்ததும் உன் சேதிய சொல்லிக்கோ, எனக்கு காபிய மட்டும் நிறுத்திடாத. இன்னா, ஏன் இப்படிப் பார்க்கிற?

— மருந்துக்காக அவரு கொறச்சிக்கினது பெட்ரோலை அண்ணே. செஞ்சிக்குத் திரும்பி வர மட்டும் இருந்தா போதும்னாரு.