வெளித் தாழ்ப்பாள்

உன் அப்பா உன்னோடு சென்னைக்கு வர மாட்டேன் என்கிறார் என்பதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதே, மகேஷ். அவருக்கு இங்கே வேலை இருக்கிறது. முதலில் உட்கார். அந்த நாற்காலியில் வேண்டாம், இன்னும் துடைக்கவில்லை.

வந்ததிலிருந்து நீ இந்தக் காலனியைப் பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கிறாய். எட்டு வீடும் ஒரே குடும்பம், யார் வீட்டில் வேண்டுமானாலும் சாப்பிட்டோம், யார் வீட்டில் வேண்டுமானாலும் தூங்கினோம் என்கிறாய். உனக்கு அப்படி. எனக்கு நினைவிருப்பது வேறு. எங்கள் வீட்டுத் தட்டு விளிம்பில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூக்குச்சளி காய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் படம் பார்க்க வந்தவர்கள் எழுந்து போன பிறகு தரையெல்லாம் வியர்வையும் கடலைத் தொலியுமாகக் கிடக்கும். என் பாயை அதன்மேல்தான் விரிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் எத்தனையோ நல்ல தெரு இருக்க, இந்த வரிசை வீட்டில் ஏன் வந்து விழுந்தோம் என்று எட்டு வயதிலேயே கேட்டிருக்கிறேன். அம்மா சிரித்தாள்.

உன் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பாலம்மாள் அத்தை நல்லவள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் கை சும்மா இருக்காது. சோற்றை மணிக்கட்டு வரை விட்டுப் பிசைவாள். ஒரு கவளத்தை என் வாயில் திணித்துவிட்டுத் தன் விரலை நக்குவாள், மறுபடி அதே கையால் உருட்டுவாள். பாலை ஊதி ஆற்றும்போது அவள் வாயிலிருந்து வெற்றிலைத் துணுக்கு விழும். அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கச் சொல்லுவாள். முந்தானையில் எச்சில் தொட்டு என் கன்னத்தைத் துடைப்பாள். எச்சில் காயும்போது ஒரு வாடை வரும். உனக்கு அது அம்மா வாசனை. நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கன்னம் எரிகிற வரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அத்தைதான் அதிகம் சிரிப்பாள். சிரிப்பு இளைப்பாகும், இளைப்பு இருமலாகும், கடைசியில் வாசலிலேயே காறித் துப்புவாள்.

நான் பெரியவளானபோது எட்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னது அவள்தான். சொல்லுவது வழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் பாவாடையை முதலில் பார்த்தது யார், கறை எப்படி இருந்தது என்றெல்லாம் குழாயடியில் வைத்துச் சொன்னாள். ஆம்பளைகள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அதைச் சந்தோஷமாகச் சொன்னாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கக்கூஸ் கதை உனக்கு மறந்திருக்காது. எட்டு வீட்டுக்கும் இரண்டு, வரிசைக் கடைசியில், குழாயடிக்குப் பக்கத்தில், சாக்கடையை ஒட்டி. இரண்டிலும் உள்தாழ்ப்பாள் துருவேறி விழுந்து வருஷக்கணக்காகியிருந்தது. பொதுச் சொத்து அல்லவா, ஒருவரும் மாற்றவில்லை. உள்ளே இருப்பவர் காலடிச் சத்தம் கேட்டால் இரும வேண்டும். இருமல் இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. திறந்து கிடந்தால் பன்றி நுழைகிறது என்று, சங்கச் செயலாளரான உன் அப்பா ஒரு விதி போட்டார். அந்தப் பக்கம் போகிறவர் யாரானாலும் வெளித் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுப் போக வேண்டும். எல்லோர் கைக்கும் அது பழகிவிட்டது. இரும மறந்தவர்கள் மாட்டிக்கொண்டு கத்துவார்கள். நீயும் ஒரு தடவை கத்தினாய். திறந்துவிட்டுச் சிரித்தோம்.

அந்த வருஷம் ஆனித் தேரோட்டத்துக்குக் காலனி முழுக்க டவுனுக்குக் கிளம்பியது. எனக்குப் பதினான்கு வயது. நான் வீட்டுக்குத் தூரம், தேர்ப்பக்கம் போகக்கூடாது. பிள்ளையை எப்படி ஒற்றையில் விடுவது என்று அத்தை தானும் நின்றுவிட்டாள். உங்களிடமெல்லாம் முட்டுவலி என்றாள். எனக்காகத்தான் நின்றாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் என்னைத் தொடாமல் இருந்திருக்கும். அதையும் கெடுத்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நீங்கள் பஸ் ஏறப் போன பிறகு உன் அப்பா மட்டும் துண்டை மறந்து திரும்பி வந்தார். அப்போது அத்தை எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்தாள். அது அவருக்குத் தெரியாது. அவசரமாகக் குழாயில் காலைக் கழுவிவிட்டு, வழக்கம்போல இரண்டு கக்கூஸ் தாழ்ப்பாளையும் தள்ளிவிட்டு ஓடினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டுமே காலிதான்.

அத்தை இட்லியைச் சாம்பாரில் போட்டுப் பிசைந்துகொண்டு வந்தாள். தூரமானவளைத் தொடக்கூடாது என்று தட்டைத் தள்ளி வைத்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவளுக்கு அந்த ஆசாரமெல்லாம் கிடையாது.

"எனக்கென்னட்டி தீட்டு, நீ எம் பிள்ளல்லா" என்று சொல்லி ஊட்டினாள். நான் விழுங்கினேன். பிறகு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கக்கூஸுக்குப் போனாள். நான் வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனேன். என் காலடி கேட்டதும் உள்ளேயிருந்து இருமினாள்.

நான் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஏட்டி அனு, கைப்பழக்கத்துல தாப்பாளப் போட்டுட்டியே. தொறந்து விடுட்டி."

என் வாயில் தண்ணீர் இருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. துப்பிய பிறகு சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, தலையோடு குளித்தேன். அந்தக் கக்கூஸுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆனி வெயில் ஏற ஏற உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் இளைப்புக்காரி என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், கதவைத் தட்டினாள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டு இருமினாள். அந்தப் பக்கம் யாராவது வந்தால் உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்று விடாமல் இருமினாள். விதியைக் கடைசி வரை அவள் ஒருத்திதான் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். எனக்கு அந்த இருமலிலும் அவள் சளிதான் தெரிந்தது. அது நின்ற பிறகு படுத்துத் தூங்கினேன். அவ்வளவு அமைதியாக இந்தக் காலனி அதற்கு முன் இருந்ததே இல்லை.

சாயங்காலம் கதவைத் திறந்தது உன் அப்பா. தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள், உனக்கும் அதைத்தான் சொன்னார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஆள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். கிளம்பும்போது எல்லோரும்தான் அந்தப் பக்கம் போய்விட்டு வந்திருந்தார்கள். உன் அப்பா மட்டும் அத்தையின் காரியம் முடிந்த பிறகு என்னைத் தேடி வந்தார்.

"அவ உங்க வீட்டுக்கு வந்தாளா? சத்தம் கித்தம் குடுத்தாளாட்டி?"

"இல்ல மாமா. எனக்கு ஒண்ணும் கேக்கல."

அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "அப்போ நாந்தான். நான் திரும்பி வரும்போதே அவ உள்ள இருந்திருக்கா. இருமினத நான் கவனிக்கல" என்றார். மூக்கு ஒழுகி உதட்டில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. என்னால் பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விட்டேன். ஆனால் நான் சொன்ன பதில் அவருக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள் என்று தெரிந்தால் மனுஷன் என்ன ஆவார்?

மறுநாள் விடிந்ததும் அவர் விளக்குமாறும் பினாயிலும் எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனார். ஆறு வருஷமாகத் தினமும் போகிறார். கையாலேயே தேய்க்கிறார், சாக்கடையும் அள்ளுகிறார். தாலுகா ஆபீஸில் அத்தனை பேரை அதிகாரம் பண்ணினவர் இப்படிச் செய்கிறாரே என்று நேற்று நீ வெட்கப்பட்டு அவரிடமிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கினாய். தான் செய்த பாவத்தைத் தானே கழுவ விடு என்று உன்னிடம் கெஞ்சினார். அதனால்தான் நீ இங்கே வந்து, அன்றைக்குத் தாழ்ப்பாளைப் போட்டது யார் என்று என்னிடம் கேட்டாய். இத்தனை வருஷத்தில் இதை நேராகக் கேட்டவன் நீ ஒருவன்தான். கேட்டதற்குச் சொல்லிவிட்டேன்.

உனக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல். உன் அப்பாவிடம் மட்டும் சொல்லாதே. நான் எனக்காகக் கேட்கவில்லை. சொன்னால் அவர் நாளைக்கே உன்னோடு கிளம்பிவிடுவார். இப்போதுதான் இந்தக் காலனியில் மூச்சுவிட முடிகிறது, மகேஷ். அவர் போய்விட்டால் பிறகு அதை யார் கழுவுவார்கள்?