கோரினின் தபால்கள்

எங்கள் வீட்டுத் தபால்களை எப்போதும் நான்தான் எடுப்பேன். சாலையோரப் பெட்டிவரை தனியாக நடந்துபோக என் மனைவி கோரினுக்குப் பயம்.

ராணுவத்தில் லாரி ஓட்டியவள். இருபத்திரண்டு வயதில் அவளுடைய சார்ஜென்டே அவளைக் கெடுத்தான். நெப்ராஸ்காவுக்குத் திரும்பியவளைத் தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். பதினோரு வருடம், நான் இல்லாமல் அவள் கடைக்குக்கூடப் போனதில்லை.

போன வசந்தத்தில் பியாட்ரிஸ் வந்தாள். முன்னாள் கடற்படைக்காரி, ராணுவத்தில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்க உதவித்தொகை வாங்கிக்கொடுப்பவள். நடந்ததையெல்லாம் கோரின் நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மாசாமாசம் பணம் வந்தா ஒரு பழைய காரு வாங்குவேன், வெண்டெல். நானே ஓட்டிட்டுப் போவேன்."

"எங்கே?"

"எங்கயாச்சும்." சிரித்தாள்.

மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தை விறகு அடுப்பில் போட்டேன். உதவித்தொகை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள், அவளுக்கு வர விருப்பமில்லை என்றேன். பரிசோதனைக்கு வராததால் மனு தள்ளுபடி என்று பதில் வந்தது. அதையும் அடுப்பில் போட்டுவிட்டு, தள்ளுபடி என்று மட்டும் சொன்னேன்.

"அவங்க என்னை நம்பலை," என்றாள் கோரின். மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள், மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னாள்.

அதன் பிறகுதான் பின்கதவு விஷயம் தொடங்கியது. தினமும் காலையில் மூன்று முறை தாழ்ப்பாளைச் சரிபார்ப்பாள். அவள் குளிக்கப் போனதும் நான் சத்தமில்லாமல் விலக்கிவைப்பேன்.

"நான் போட்டேனே? போட்டேன்ல, வெண்டெல்?"

"மறந்திருப்பே, கண்ணு."

முகம் வெளுத்துவிடும். என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்க நடப்பாள். ஒரு மாதத்தில் தன் கைகளையே நம்பாமல் போனாள். மேல்முறையீடு வேண்டாம் என்று அவளே சொன்னாள், நான் வற்புறுத்தவில்லை.

பியாட்ரிஸ் விடவில்லை. அலுவலகக் கோப்பை வாங்கிப் பார்த்திருக்கிறாள். அனுப்பிய கடிதங்கள், என்னுடன் பேசிய தேதி, எல்லாம் அதில் இருந்தன. செவ்வாய்க்கிழமை வந்து, என் முன்னாலேயே கோரினுக்குப் படித்துக்காட்டினாள்.

கோரின் என் பக்கம் திரும்பினாள். "அந்தத் தாழ்ப்பாளும் நீதானா?"

நான் பொய் சொல்லவில்லை.

பியாட்ரிஸின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் கோரின். "பயமா இருக்கு," என்றாள். என் காதால் கேட்டேன். ஆனாலும் ஏறிவிட்டாள்.

அவளை நான் ஒருநாளும் அடித்ததில்லை, ஐயா. உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். ஆனால் பயமாக இருக்கிறது என்று சொன்னவளைத் தனியாக விடலாமா? எந்த ஊரில் தங்கியிருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.