மூன்றாவது வாரம்

வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்கு எந்த வாரம் நல்ல வாரம் என்று இந்த மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் என் வீட்டுப் பக்கம் கைகாட்டுவார்கள். இருபத்தாறு வருடமாக நம் வார இதழில் அதைப் பற்றித்தான் பத்தி எழுதுகிறேன். மேலே என் படம் இருக்கும், கீழே எல்டன் க்ரைடர் என்று பெயர் இருக்கும். படம் பழையது. மாற்றச் சொல்லி நான் கேட்டதில்லை.

டெனீஸ், நீ நல்ல பெண். வனவிலங்குத் துறையின் உடுப்பு உனக்குப் பொருத்தமாக இருக்கிறது. பதினோரு வயதில் என் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்குவாய். அதனால்தான் நீ நிரப்பிய படிவத்தைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. 'பறவை என்று தவறாக எண்ணிச் சுட்டது' என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறாய். என்னைக் கேட்காமலே, கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டாய். அன்பினால் செய்தாய் என்று தெரியும். ஆனாலும் அது தவறான கட்டம். அதைத் திருத்தத்தான் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதம் மூன்றாவது திங்கட்கிழமை வேட்டை தொடங்குகிறது. மொத்தம் மூன்று வாரம். முதல் வாரம்தான் சிறந்தது என்று நான் எழுதிவந்தேன். ஊர் மொத்தமும் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அந்த வாரம் காட்டுக்குள் இறங்கும். அப்போது சேவல்களைச் சுற்றிப் பெட்டைகள் நிற்கும். நீ கைக்கு அடக்கமான மரப்பெட்டியைத் தேய்த்து என்ன அழகாகப் பெட்டைக் குரல் எழுப்பினாலும் சேவல் திரும்பிப் பார்க்காது. பக்கத்திலேயே ஐந்து நிற்கும்போது தூரத்தில் கூப்பிடுகிற ஒன்றுக்காக எவன் நடப்பான்? இரண்டாவது வாரம் பாதிப் பேர் மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். மிச்சம் பேர் காளான் பொறுக்கப் போவார்கள்.

மூன்றாவது வாரம் பெட்டைகள் அடையில் உட்கார்ந்துவிடும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் சேவல் தனியாகிவிடும். அந்த நேரத்தில் மெல்ல ஒரு குரல் கொடுத்தால் போதும், மானம் மரியாதை பார்க்காமல் ஓடிவரும். அந்த வாரம் காட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

நான் பொய் எழுதினேன் என்று நினைக்காதே. நம் ஊர்க்காரர்களுக்கு வேண்டியது கூட்டமும் கூச்சலும் வண்டிக்குள் உட்கார்ந்து தின்ன டோனட்டும். அதற்கு முதல் வாரம்தான் சிறந்தது. அவரவருக்கு எது சிறந்ததோ அதைத்தான் எழுதினேன்.

நான் வேட்டையாடிய குன்று ஹோபர்ட் மேஸுக்குச் சொந்தம். பத்திரத்தில் குன்று அவன் பெயரில் இருந்தது. வான்கோழிகள் என் பெயரில் இருந்தன என்று வைத்துக்கொள். நாற்பது வருடம் மாடு கறந்தவன். வேட்டை வேளையில் அவன் மாட்டுக் கொட்டகையில் இருப்பான். என் வண்டி வேலியோரம் நிற்பதைப் பார்த்தால் கறவை இயந்திரச் சத்தத்தையும் மீறி, “என்னய்யா, இன்னிக்காவது உன்னைக் கட்டிக்க ஒரு கோழி வந்துச்சா?” என்று கத்துவான். ஒருநாள்கூட, உள்ளே வராதே என்று சொன்னதில்லை. அவனைப்போல ஒரு நண்பன் எனக்கு வேறு யாரும் இல்லை. அதையும் குறித்துக்கொள்.

மூன்று வருடத்துக்கு முன்பு மாடுகளை விற்றான். மாடு போனாலும் விழிப்புப் போகவில்லை. நாலரை மணிக்கு எழுந்து, பின்வாசல் படியில் காபியோடு உட்கார்ந்துவிடுவான். சும்மா இருக்க முடியாமல் குன்றிலிருந்து வருகிற சேவல் கொக்கரிப்புகளை எண்ண ஆரம்பித்திருக்கிறான். தீவனக் கடை காலண்டரில் அன்றன்றைக்குக் குறித்தும் வைத்திருக்கிறான். இதை என்னிடம் சொல்லவில்லை.

இந்த வருடம் மார்ச் மாதம் திடீரென்று என் பாதுகாப்பு வகுப்பில் வந்து உட்கார்ந்தான். அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்துச் சின்ன நாற்காலியில், முட்டி தாடையை இடிக்க, பதினோரு வயதுப் பிள்ளைகள் நடுவில்.

“உன் வயசுக்காரங்களுக்கு இந்த வகுப்பு கட்டாயமில்லைய்யா. நேராப் போய் லைசன்ஸ் வாங்கிக்கலாம்,” என்றேன்.

“நீ நடத்துறேன்னா உட்கார்றேன். நீ என்ன தெரிஞ்சுவச்சிருக்கேன்னு நானும் பார்க்கணும்ல,” என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பரீட்சையில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினான். உனக்கு நாற்பத்தெட்டு, நினைவிருக்கிறதா? சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவல் தலையின் நிறங்கள், அவை உடம்பில் எங்கும் தெரியக்கூடாது. வேறொருவர் வருவது தெரிந்தால் கையை ஆட்டக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, அசையாமல் இருந்து மனிதக் குரலில் உரக்கப் பேச வேண்டும். எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தான்.

இந்த மே மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை மத்தியானம், மூன்று காலண்டர்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

“யோவ் எல்டன், ஒன்னு காட்டுறேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவம் வர்ற மாதிரி என்னய்யா கொண்டுவந்திருக்க?”

“காலண்டர்தான். தீவனக் கடையில ஓசியில குடுத்தது.”

மேசையில் விரித்தான். மூன்று வருடமும் ஒரே கதை. முதல் வாரத்தில் ஒரு காலைக்குப் பத்து, பன்னிரண்டு. மூன்றாவது வாரத்தில் நாற்பது, ஐம்பது. அன்று காலையில் ஐம்பத்தெட்டு. பென்சிலால் வட்டம் போட்டிருந்தான்.

“இருபத்தாறு வருஷமா நீ தப்பா எழுதிட்டிருக்கய்யா,” என்றான், என் கையைத் தட்டிக்கொடுத்தபடி. “பாவம், உனக்கே தெரியல. விடு, தப்பு யாருக்கும் நடக்கும். பேப்பருக்கு நான் ஒரு கடிதாசி போடுறேன். உன் பேரைத்தான் முதல்ல போடுவேன்.”

டெனீஸ், நீ புத்திசாலி. என் நிலைமையை யோசித்துப் பார். அந்தக் கடிதம் வந்தால் நான் இரண்டில் ஒன்று. தெரியாமல் எழுதியிருந்தால் முட்டாள். தெரிந்து எழுதியிருந்தால் பொய்யன். ஹோபர்ட் நல்லவன், அதனால் என்னை முட்டாள் என்று முடிவு செய்திருந்தான். பொய்யன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அடுத்த வருடம் மூன்றாவது வாரத்தில் குன்று முழுக்க டோனட் காகிதம் பறக்கும் என்பது வேறு. ஆனால் அது இரண்டாவது கவலைதான்.

“அவசரப்படாத,” என்றேன். “வியாழக்கிழமை என்கூட வா. நேர்ல பார்த்துட்டு அப்புறம் எழுதலாம். நல்ல இடமா உனக்கு விட்டுத்தரேன்.”

“நெசமாவா? நீ உன் பொண்டாட்டிக்கே இடம் காட்டலியேய்யா!” என்றான். அவன் முகம் மலர்ந்துபோனது.

காட்டியது நல்ல இடம். குன்றின் கிழக்குச் சரிவில் ஒரு வெள்ளை ஓக் மரம். தோளைவிட அகலமான அடிமரம், முதுகுக்குக் காவல். அதையும் வகுப்பில் சொல்லித் தருகிறோம். புதன்கிழமை சாயங்காலம் நான் தனியாகப் போய், அந்த மரத்திலிருந்து முப்பது தப்படி எண்ணி, அங்கே நின்ற டாக்வுட் செடியில் பூத்த கிளை ஒன்றை ஒடித்துத் தொங்கவிட்டேன். என் துப்பாக்கிக்கு அந்தத் தூரத்தில் ரவை சிதறாது. கிளை இன்னும் அங்கேதான் இருக்கும். போய்ப் பார். அளந்தும் பார்.

வியாழக்கிழமை இருட்டோடு அவனை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் போகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எப்போதும் பின்பாக்கெட்டில் தொங்குகிற சிவப்புக் கைக்குட்டையை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். அவன் மனைவி லூடீன் பிறகு சொன்னாள்.

ஏழே கால் மணிக்கு நான் டாக்வுட் செடியிடம் வந்து சேர்ந்தேன். வெயில் ஏறியிருந்தது. அவனுக்கு முன்னால் ஒரு பெரிய சேவல் வாலை விரித்து நின்றது. வேட்டைக்கு வந்த முதல் நாளே, தட்டுத்தடுமாறி மரப்பெட்டியைத் தேய்த்து, அதை அங்கே கொண்டுவந்துவிட்டான். மூன்றாவது வாரம் அப்படிப்பட்டது. துப்பாக்கியை முட்டியில் தாங்கி வைத்திருந்தான். விரலை அசைத்தால் போதும். அப்போதுதான் என் உடுப்பு இலைகளுக்குள் அசைவதைப் பார்த்தான்.

கையை ஆட்டவில்லை. எழுந்திருக்கவில்லை. சேவல் போனால் போகட்டும் என்று, உரக்க, தெளிவாகச் சொன்னான்:

“எல்டன், நான் இங்க இருக்கேன்யா. ஓக் மரத்தடியில. ஹோபர்ட்.”

சேவல் பறந்துவிட்டது. முப்பத்து மூன்று வருடமாகப் பாடம் நடத்துகிறேன். முதல் சேவலை இப்படி விட்டுக்கொடுத்த மாணவனை நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு சுட்டேன்.

இப்போது நீயே சொல். வான்கோழி தன் பெயரைச் சொல்லுமா? எந்தச் சேவல் எந்த மரத்தடியில் நிற்கிறேன் என்று அறிவிக்கும்? வகுப்பில் நாம் சொல்லித் தருகிற மூன்றையும் செய்தேன். குறி எது என்று உறுதி செய்தேன். அதற்குப் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்தேன். தூரத்தை அளந்திருந்தேன். இதைப் போய்த் தவறு என்று எழுதினால் அந்த வகுப்புக்கே மரியாதை இல்லை. ஹோபர்ட்மீதும் ஒரு குறையும் இல்லை. அசைந்திருப்பான், சிவப்பு எதையாவது உடுத்தியிருப்பான் என்று கடைகளில் பேசுகிறார்கள். அவன் ஐம்பதுக்கு ஐம்பது.

சவ அடக்கம் வரைக்கும் பேசாமல்தான் இருந்தேன். நீ போட்ட குறியோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கல்லறை வாசலில் லூடீன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க எல்டன். தப்பு யாருக்கும் நடக்கும். அவரும் அதைத்தான் சொல்வார்,” என்றாள். ஆமாம், சொல்லித்தான் இருந்தான். மறுநாள் வில்மா கடையில் ரொட்டியும் குழம்பும் கேட்டு உட்கார்ந்தேன். பின் மேசையில் எவனோ, “எல்டன் க்ரைடருக்கே ஆளுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியலன்னா நாமெல்லாம் எந்த மூலைக்கு?” என்றான். இன்னொருவன், “இனிமே பாட்டுப் பாடிக்கிட்டேதான்டா காட்டுக்குள்ள போகணும்,” என்றான். வில்மா அவர்களை அதட்டிவிட்டு என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் உன் துறையின் கடிதம் காத்திருந்தது. ஐந்து வருடம் வேட்டை உரிமம் கிடையாது. அது போகட்டும். அதன் பிறகு உரிமம் வேண்டுமென்றால் நான் மறுபடி வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டுமாம். அந்தச் சின்ன நாற்காலியில். பாடம் நடத்தப்போவது நீ என்று கேள்விப்பட்டேன். சிறையில் நாற்காலிகள் பெரியவர்களுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் வாக்குமூலத்தை முடித்துக் கையெழுத்துப் போட இருந்தேன். இன்று காலை லூடீன் வார இதழை எடுத்துக்கொண்டு வந்தாள். “செவ்வாய்க்கிழமையே தபால்ல போட்டுட்டார். உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லல,” என்றாள். ஹோபர்ட்டின் கடிதம் என் பத்திக்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறது. மூன்று தடவை படித்தேன். இதுதான் அதில் இருப்பது:

'மூன்றாவது வாரம்தான் சிறந்தது என்று என் காலண்டர்கள் சொல்கின்றன. மே இரண்டாம் தேதி காலை ஐம்பத்தெட்டு கொக்கரிப்பு. எல்டனுக்கு இது தெரியாதோ என்று முதலில் நினைத்தேன். ஒரு ராத்திரி தூங்காமல் யோசித்ததில் புரிந்தது. அடையில் உட்கார்ந்த பெட்டைகளை யாரும் மிதித்துக் கலைக்கக் கூடாது என்றுதான் அவர் நம் எல்லோரையும் முதல் வாரத்திலேயே காட்டுக்கு அனுப்பி முடித்துவிடுகிறார். நம் குன்றுகளில் இன்னும் வான்கோழி இருக்கிறதென்றால் அது அவரால்தான். அவரை நண்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை.'

முட்டாளும் இல்லை, பொய்யனும் இல்லை. மூன்றாவதாக ஒன்று இருந்திருக்கிறது. அதை எனக்காகத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் அவன் வியாழக்கிழமை என்னோடு வந்திருக்கிறான்.

அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். இருபத்தாறு வருடமாக என் மனதில் இருந்தது சரியாக அதுதான், டெனீஸ். பெட்டைகளுக்காகத்தான் செய்தேன். இந்த ஊரில் ஹோபர்ட் ஒருவனுக்குத்தான் அது புரிந்திருக்கிறது. இதையும் படிவத்தில் சேர்த்துக்கொள்.

ஒரே ஒரு திருத்தம். மே இரண்டாம் தேதி காலையில் நானும் அந்தக் குன்றில்தான் இருந்தேன். அன்று கேட்டது அறுபத்தொன்று. ஓடைப் பக்கத்துச் சேவல் மூன்று முறை கூப்பிட்டது அவன் வாசற்படிக்குக் கேட்டிருக்காது. கறவை இயந்திரத்தால் அவன் இடது காது எப்போதோ மந்தமாகிவிட்டது. அடுத்த இதழில் சரியான எண்ணைப் போடச் சொல்லிவிடு. அவனைக் குறையாகச் சொல்லவில்லை. தப்பு யாருக்கும் நடக்கும்.